மோனாஸ் உச்சியில் கர்சினா

எங்கள் கெபுமென் ஊர் மாதர் சங்கத்தின் தலைவி பதவியை என் தலையில் கட்டியவர்கள் நன்றாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து இவர்களுக்கு ஜகார்த்தாவைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஆனால் யாருக்கும் எதையும் பார்க்க வேண்டாம். வாசலில் யானைச் சிலை நிற்கும் மியூசியத்துக்குள் நுழைந்ததும் கழிவறை எங்கே என்பார்கள். தியாகிகள் கல்லறைத் தோட்டத்தில் காற்று நன்றாக வருகிறதென்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். இறங்கும் இடத்திலெல்லாம் சங்கத்துப் பேனரை விரித்து குரூப் போட்டோ வேறு. நடுவில் யார் நிற்பது என்பதில் ஒரு சண்டை வந்துவிடும்.

கர்சினா மட்டும் வேறு ரகம். சந்தையில் தெம்பே என்கிற சோயாக் கட்டியில் பஜ்ஜி போடுகிறவள், புருஷனை இழந்தவள். ஜகார்த்தா நடுவில் நிற்கும் மோனாஸ் நினைவுத் தூணின் உச்சிக்கு ஏற வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அவள் மகன் தர்ஜோ ஜகார்த்தாவில் எங்கேயோ வேலை செய்கிறான். ஆறு நோன்புப் பெருநாள் போய்விட்டது, துரை ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விலாசமும் சொல்வதில்லை.

“மேலேர்ந்து பாத்தா ஊரு முழுக்கத் தெரியுமாம்க்கா.”

“தெரிஞ்சா? உன் மகன் மொட்டைமாடியில நின்னு கை காட்டுவானா?”

“அவன் இருக்கிற ஊரை முழுசா ஒரு தடவை பாத்துக்கறேனே.”

ஒரு வருஷம் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் மசூதியில் யாரோ செருப்பைத் தொலைத்து எல்லோருடைய உயிரையும் வாங்கினார்கள். இந்த வருஷம் டிக்கெட் கிடைத்தது, ஆனால் லிஃப்ட் வரிசை அசையவே இல்லை. “வெயில் கொல்லுது, துணிக்கடைக்குப் போலாம் தலைவியம்மா” என்று மற்றவர்கள் கத்தினார்கள். சரி, ஒழியட்டும் என்று கிளம்பினேன். கூட்டத்தில் தொலையாமல் இருக்கத்தான் எல்லோருக்கும் கிளிப்பச்சையில் சீருடை தைத்திருந்தோம். பஸ்ஸில் கிளிப்பச்சைத் தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது.

துணிக்கடை வாசலில் இறங்கும்போதுதான் பார்க்கிறேன், கர்சினாவின் சீட்டில் யாரோ ஒருத்தி வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறாள்!

“யாரும்மா நீ?”

“தெகால் சங்கம். அட, இது எங்க பஸ் இல்லையா? நானும் நினைச்சேன், ஏசி வேலை செய்யுதேன்னு!”

அந்த ஊர்க்காரர்களும் அதே கிளிப்பச்சையாம்.  கர்சினாவிடம் போனும் கிடையாது, மகன் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுப் போனில்தான் பேசுவாள். அந்தக் கடலைக்காரியை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழி முழுக்க அவள் தின்றாள், நான் திட்டினேன்.

தூணடியில் தெகால் கூட்டம் பேனரை விரித்துக்கொண்டிருந்தது. “உங்க ஆளா? எங்க கூடத்தான் மேலே வந்தாங்க, அடுத்த லிஃப்ட்ல இறங்குவாங்க. நாங்க எண்ணிப் பாத்தோமே, சரியா இருந்துச்சே!” என்றாள் அவர்கள் தலைவி. அவளும் என்னைப் போலத்தான், பாவம்.

கர்சினா இறங்கி வந்தாள்.

“பஸ் கிளம்பினது தெரியாதாடி உனக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?”

“தெரியும்க்கா. தெரிஞ்சுதான் நின்னேன். அடுத்த வருஷமும் இதேதான் நடக்கும்.”

“சரி, அப்படி என்னத்தைப் பாத்துட்ட?”

 முந்தானை இல்லாத சீருடையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கீழேயே ரயில் ஸ்டேஷன் இருக்குக்கா. நம்ம பக்கம் போற வண்டிங்க அங்கேர்ந்து கிளம்புமாம், கூட நின்ன பொண்ணு சொன்னா. நான் நின்ன நேரத்துல ஒண்ணு கிளம்பிச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. பெருநாளுக்குப் பெருநாள் வண்டி கிடைக்கலம்மான்னுதான் தர்ஜோ போன்ல சொல்லுவான். பாவம், புள்ள மாட்டிக்கிட்டுத் தவிக்குதேன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் அவள் மகன் மேல் திரும்பியது. அந்தத் தர்ஜோ மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் பளாரென்று ஒன்று வைத்திருப்பேன்.

“பெருநாள் நேரத்துல கூட்டம் நெரியும்டி, டிக்கெட் கிடைச்சிருக்காது...” என்று ஏதோ உளறினேன்.

“நீங்களும் பொய் சொல்லாதீங்கக்கா” என்றாள். “பஸ் எங்க நிக்குது?”