அரை டிகிரியும் ஹமீதுக்காவின் நோன்பும்

சுள்ளிக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் மடிக்கணினியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். மாறாத எண் ஒன்றுக்குப் பெயர் வைத்து, அது முழு எண் என்று வகையும் குறித்தாள். "புள்ளிக்கு அப்பறம் ஒண்ணும் வராதுன்னு ஒறப்பா தெரியுமா?" என்றேன். "சாரமில்ல மாமா, விடுங்க, நம்பர் நம்பர்தானே?" என்றாள். எனக்குக் குப்பென்று சுக்கு வாசனை அடித்தது.

அப்போது நான் மட்டாஞ்சேரியில் மாமாவின் சுக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோப்பும்படியில் மூன்று மாதம் பேசிக் என்ற கணினி மொழி படித்திருந்தேன். உலகத்தையே படித்து முடித்த நினைப்பு. கிடங்குக் கணினிக்குத் தூசி படாமல் மாமி உறை தைத்திருந்தார். தும்மிக்கொண்டே இருந்த எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. "நோன்பு தொறக்குற நேரத்த நானே கணக்குப் போட்டு கார்டு அடிக்கிறேன் மாமா" என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. 'கம்ப்யூட்டர் கணித்தது' என்று தலைப்பில் பெரிதாகப் போடச் சொன்னார்.

இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை எண்பத்திரண்டரை டிகிரி. அது மாறாது என்பதால் பெயர் வைத்து நிரலின் முதல் வரியிலேயே அறிவித்தேன். பெயருக்குப் பின்னால் ஒரு சதவீதக் குறியும் போட்டேன். அந்தக் குறி இருந்தால் முழு எண். இரண்டு பைட் மிச்சம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பேசிக் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அரையை விழுங்கிவிட்டு எண்பத்திரண்டை வைத்துக்கொண்டது. அரை டிகிரி குறைந்தால், கணக்கில் சூரியன் இரண்டு நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். நான் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

முதல் நோன்பன்று கார்டைப் பார்த்து எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம். தரிக்கஞ்சி, அதாவது ரவைக்கஞ்சி, பாதி இறங்கிய பிறகுதான் நோன்பு திறக்கலாம் என்று பள்ளிவாசலில் மோதினார் சொல்லும் பாங்கு கேட்டது. "மோதினார் லேட்டு" என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அடுத்த பள்ளிவாசலிலும் கேட்டது. அதற்கடுத்ததிலும் கேட்டது.

"எல்லாரும் லேட்டா?" என்றார் மாமா.

மூட்டை தூக்கும் ஹமீது அண்ணன், எங்களுக்கு ஹமீதுக்கா, டம்ளரைக் கீழே வைத்தார். பகல் முழுக்க லாரியில் சாக்கு ஏற்றியவர். "எடா, வெயில்ல இத்தற நேரம் தாங்கினவனுக்கு ரெண்டு நிமிசம் ஒரு காரியமா? என் நோன்ப முறிக்க நீ யாருடா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்.

அழுதுவிட்டேன். முதலில் அவமானத்தில், அவருக்காக அழத் தெரிந்தது பிறகுதான். பெருநாள் கழிந்து அவர் அந்த ஒரு நாளுக்கு ஈடாக நோன்பு பிடித்தபோது நானும் பிடித்தேன். கூடவே சாக்கு தூக்கினேன். ஐந்தாவது சாக்கில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "மனசிலாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கிடங்கு இப்போது காபிக் கடை. ஹமீதுக்கா மவுத்தாகிப் பல வருடம் ஆகிறது. நோன்பு திறக்கும் நேரத்தை எல்லோருமே போனில்தான் பார்க்கிறோம். அந்த நிரலுக்கு எண் வைத்தவன் எந்த ஊரில் இருக்கிறானோ! அவன் தவறே செய்தாலும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அவன் முன்னால் டம்ளரைக் கீழே வைத்து, நீ யாருடா என்று கேட்கவும் யாரும் இல்லை.