சண்டை போட ஒரு வாசல்

விருத்தாசலத்தில் நம் சங்கக் கூட்டம் முடியும் நேரத்தில்தான் நம் சங்கத்து மேரி போன் செய்தாள். "ஏட்டய்யா எறந்துட்டாருங்கக்கா." பீங்கான் தொழிலாளர்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். நம்மை உளவு பார்த்தவருக்காக நாம் எழுந்து நின்றது வெளியாருக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு ஜெயபால் நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தே குறிப்பெடுப்பார். நேரமானால், "சீக்கிரம் கோரிக்கையச் சொல்லுங்க, சேத்தியாத்தோப்பு பஸ்ஸு போயிடும்" என்பார். போன தடவை எழுதியதையே எழுதிக்கொள்ளச் சொல்லி யாராவது சீண்டுவார்கள். அவரும் சிரிப்பார். ஆனாலும் அவர் நமக்கு வேண்டியவர் அல்லர். அவர் எழுதியதை வைத்து நம்மைக் கைது செய்திருக்கிறார்கள்.

ஒருமுறை ஆலை வாசலை மறிக்கச் சொன்னது நான்தான் என்று எழுதிவிட்டார். அன்று நான் ஊரிலேயே இல்லை. அவர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கச் சத்தம் போட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். விசாரித்துப் பார்த்த ஏட்டு, தாம் எழுதியது தவறு என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கினார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த உளவு வேலையில் பெரும்பகுதி ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டது. எங்கிருந்தோ யாரோ நம் வாட்ஸ்அப் குழுவைப் படிக்கிறார்கள். குவைத்துக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பிய மேரியை, வன்முறையைத் தூண்டுபவள் என்று எழுதிக் கொடுத்தார்கள். போனஸ் கேட்கும் செய்தியை நாலு பேருக்கு அனுப்பியதுதான் அவள் செய்த குற்றம். பாஸ்போர்ட் நின்றுபோனது.

அதைக் கேட்க, உடம்பு முடியாத நிலையிலும் ஏட்டு எங்களோடு போலீஸ் அலுவலகத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் வந்தார். தாங்கள் எழுதவில்லை, கம்பெனி கொடுத்தது என்றார் அதிகாரி. எழுதியவர் யார் என்பது ரகசியம் என்றது கம்பெனி. வெளியே வந்ததும் ஏட்டு சொன்னார்: "நான் தப்பா எழுதனப்ப என் வூட்டு வாசல்ல வந்து சண்ட போட்டீங்க. இந்தப் பொண்ணு யாரு வூட்டுக்குப் போவும்?"

உளவு பார்ப்பதை நான் என்றும் ஏற்றதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கும் அதிகாரத்தை டெண்டர் விட்டுவிட்டு, பதில் சொல்ல ஒருவரையும் வைக்காமல் விட்டது அதைவிடக் கேவலம். அரசின் பெயரால் பொய் எழுதலாமாம். எழுதியவன் பெயர் வியாபார ரகசியமாம்.

மேரியின் பாஸ்போர்ட் முறையீட்டில் அவளை அறிந்தவராகக் கையெழுத்திட்டிருந்தவர் ஏட்டுதான். இறந்தவர் சாட்சி செல்லாது, வேறு ஆள் வேண்டும் என்று போன வாரம் சொன்னார்கள். நான் கையெழுத்திட்டால் என் பெயரும் அந்தக் கம்பெனியிடம் போகும் என்று மேரி தயங்கினாள். நான் போட்டேன். எழுதியதற்குப் பொறுப்பாக நிற்பதை மட்டுமே அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கதவு எண், தெரு எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். மறுக்க நினைப்பவர் வரட்டும். நான் வீட்டில்தான் இருப்பேன்.