படம் பாதியில் நிற்காத பெட்டி

பென்டிரைவைச் செருகினால் டிவியில் படம் ஓட்டுகிற பெட்டி இருக்கிறதே, அது ஒழுங்காக ஓடினால் வாங்கியவர் கடைப்பக்கமே தலைகாட்ட மாட்டார். நின்றால் குடும்பத்தோடு வருவார்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று தினமும் தொண்டை கட்டிப்போகிற சக வியாபாரிகளே, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை எனக்கு. படிப்பு எட்டாவதோடு சரி. அதற்கப்புறம் ஜங்ஷனில் ரயிலுக்கு ரயில் ஏறி பீங்கான் கப் விற்றேன். பேரம் பேசத் தெரியும், கோபம் வரும். இந்த இரண்டும்தான் என் முதல்.

தட்டிப் பார்த்தவர்

லூர்து மேரி என்ற அம்மா ஒருநாள் காலையில் வந்தார். பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைக்கு ஓரம் தேய்க்கிற வேலை. மூன்று விலையில் மூன்று பெட்டி எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். கப்பில் விரிசல் இருக்கிறதா என்று எங்கள் ஊரில் அப்படித்தான் பார்ப்போம். ஆனால் பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டினால் எனக்குப் பொறுக்குமா? "ஏம்மா, இது என்ன சட்டியா? உள்ள கரண்டு சாமான் இருக்குது, வையி கீழ!" என்று கத்திவிட்டேன்.

அவர் அசரவில்லை. "வெல கம்மியா இருக்கணும், நடுவுல நிக்காம ஓடணும். அது போதும்ணே" என்றார். ஆயிரத்து நூறு ரூபாய்ப் பெட்டியை நீட்டினேன். "எல்லாப் பெட்டியும் எப்பவாவது ஒரு தடவ நிக்கும்மா, திருப்பிப் போட்டா ஓடிட்டுப் போவுது. இதுக்கா இவ்ளோ யோசன?" என்றேன். சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு குடிய வுட்டுப் பதினோரு நாளு ஆவுதுங்க. ஆறு மணியிலேருந்து ஒம்பது மணி வரைக்கும் படத்தக் காட்டித்தான் புடிச்சி வச்சிருக்கேன். இருந்த பெட்டி நேத்து கெட்டுப்போச்சு. படம் நின்னா எழுந்துடுவாரு, எழுந்தா கடைக்குப் போயிடுவாரு."

கனம் பார்த்து வாங்கியது

அந்த ஆயிரத்து நூறு ரூபாய்ப் பெட்டி என் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு மொத்த வியாபாரி. முதல் தடவை போனபோது அவர் காட்டிய பெட்டி பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "என்னய்யா இது, ஊதுனா பறக்கும்போல இருக்குது? கப்பு வித்தவன்யா நானு, கனம் இல்லாத சரக்க கையால தொடமாட்டேன்" என்று கடை அதிரப் பேசினேன். விலையையும் பாதிக்கு அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கோபப்படவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, சிரித்த முகமாக வழியனுப்பினார்.

"கனமாத்தான் வேணும்னா அடுத்த வாரம் வாங்கண்ணே, அதே வெலையில கனமா இருக்கும்."

உள்ளே இருந்தது

லூர்து மேரி மறுநாள் காலையிலேயே பெட்டியோடு வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் படம் ஓடி ஒன்றேகால் மணி நேரத்தில் அப்படியே உறைந்துவிட்டதாம். வீட்டுக்காரர் அந்தோணி எழுந்தே விட்டாராம். நல்லவேளை, அந்தப் படத்தை இந்த அம்மா எப்போதோ பார்த்திருந்தார். வாசலில் குறுக்கே நின்று, மீதிக் கதை முழுக்கச் சண்டையோடு பாட்டோடு நடித்தே காட்டி அவரை உட்காரவைத்திருக்கிறார். "இன்னிக்கும் நின்னுச்சுன்னா எனக்கு நடிக்கத் தெம்பில்லண்ணே" என்றார்.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் எதிரிலேயே பெட்டியைப் பிரித்தேன். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் பலகை. அதன் தலைமேல், பசை போட்டு ஒட்டிய உடைந்த பீங்கான் கட்டை ஒன்று. கனத்துக்கு! சூடு வெளியே போக வழியில்லாமல் பலகை வெந்து நின்றிருக்கிறது. மிச்சமிருந்த பெட்டிகளையும் ஆத்திரத்தில் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை.

லூர்து மேரி ஒன்றை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங்க கம்பெனி கட்டைங்க. மூளியா இருக்குதுன்னு நாங்க கழிச்சித் தூக்கிப் போட்டத, நீங்க சென்னை வரைக்கும் போயிக் காசு குடுத்து வாங்கியாந்திருக்கீங்க."

டிவிக்குப் பின்னால்

அன்றைக்கென்று திட்டக்குடியிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். நெல் விற்ற தெம்பில் இருந்தார். இருப்பதிலேயே உசந்த பெட்டி வேண்டுமாம். நான் இருந்த கோபத்தில், "டிவி என்ன டிவி? எந்த வருசம் வாங்குனது? போட்டோ வெச்சிருக்கியா?" என்று போலீஸ்காரன் மாதிரிக் கேட்டேன். போனில் ஒரு போட்டோ காட்டினார். போன தீபாவளிக்கு வாங்கிய தட்டை டிவி. வீட்டிலிருந்த மகனுக்குப் போன் போடச் சொல்லி, பின்பக்கம் பார்க்கச் சொன்னேன். பென்டிரைவ் செருகுகிற ஓட்டை அதிலேயே இருந்தது. பெட்டியே தேவையில்லை. பஸ் சார்ஜ் செலவழித்து, இல்லாத குறைக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார்!

"ஒரு வருசமா வூட்டுல இருக்குது, பின்னாடி என்ன இருக்குதுன்னு பாக்கமாட்டீங்களா?" என்று கேட்டேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முன்னாடி படம் தெரியறப்போ பின்னாடி எதுக்குங்க போவணும்?"

அந்தோணியின் கேள்வி

அவரை அனுப்பியபோதுதான் உறைத்தது. லூர்து மேரி வீட்டு டிவி எப்படிப்பட்டது என்று நானும் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கெல்லாம் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாயிரத்து நானூறு ரூபாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். பழைய குண்டு டிவி. பென்டிரைவ் ஓட்டை இல்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருகுகிற ஓட்டைகள்தான். நல்ல வேளை, கொண்டுபோன பெட்டியில் அதற்கும் வழி இருந்தது. முன்பு கொடுத்த ஆயிரத்து நூறே போதும் என்று சொல்லி மாட்டிக் கொடுத்தேன்.

அந்தோணி ஒல்லியான மனிதர். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். படம் தொடங்கியது. ஒன்றேகால் மணி நேரம் ஆனபோது லூர்து மேரி மெதுவாக நகர்ந்து வாசலில் போய் நின்றுகொண்டார். நான் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஓடியது. கடைசிவரை ஓடியது. வாழ்க்கையில் ஒரு பெட்டி ஒரு முழுப்படம் ஓட்டுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கடையில் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? செருகுவோம், படத்தின் பேர் வரும், "பாத்துக்கங்க, ஓடுது" என்போம், பிடுங்கிக் கட்டிக் கொடுத்துவிடுவோம்.

படம் முடிந்ததும் அந்தோணி என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, இத்தினி பெட்டி வித்திருக்கீங்களே, ஒண்ணுலயாவது ஒரு படம் முழுசா ஓட்டிப் பாத்தீங்களா?"

ஆறு மணிக்கு வந்தவர்

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நிமிர்ந்தால், கடை வாசலில் அந்தோணி நிற்கிறார். வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டாரே! அவர் பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புதுசா வந்த பெட்டிய மாட்டுங்கண்ணே, பாப்பம்" என்றார். மாட்டினேன். அரை மணி கழித்து லூர்து மேரி தலைவிரிகோலமாக ஓடி வந்தார். சாராயக் கடைப் பக்கமெல்லாம் தேடிவிட்டு வந்திருக்கிறார். இவரைக் கண்டதும் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தோணியோ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது ஆவாதுண்ணே, வாய் அசைஞ்ச பெறவு சத்தம் வருது. இத வித்தீங்கன்னா அடி வாங்குவீங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். அவர் முழுப்படம் பார்த்துத் தலையாட்டிய ரகம்தான் வெளியே போகும். மாசம் இவ்வளவு என்று ஏதாவது கொடுக்கலாமென்று பேச்செடுத்தேன். கையை உதறினார். ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தபடி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"கூலியெல்லாம் வேணாண்ணே. படம் முடியற வரைக்கும் கடைய மட்டும் மூடிடாதீங்க."

எட்டு மணிக்கே ஷட்டரை இழுத்துவிடுகிற என்னை ஒன்பது வரை உட்காரவைத்து, இருந்த சரக்கில் பாதியைக் கழித்துக்கட்டியும்விட்ட இந்த ஒரு மனிதரிடம் மட்டும், எனக்குப் பேரம் பேச வாய் வருவதில்லை.