குற்றாலலிங்கம் கண்டுபிடித்த கொலைகாரர்கள்

வடிவம்மாளுக்கு எந்த விஷயமும் பாதியில் நின்றால் ஆகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் தன் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிவைச் சொல்லாமல் இறங்கிப் போனால் தீர்ந்தது. இவளும் பின்னாலேயே இறங்கி, "அப்புறம் அந்த நாத்தனா என்ன சொன்னா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். இப்படி ஒரு தடவை அல்ல, மூன்று தடவை நடந்திருக்கிறது.

இப்படிப்பட்டவளுக்குத் துப்பறியும் படம் பிடிக்காமல் போகுமா? தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே, புருஷன் குற்றாலலிங்கம் அவளைத் தம்பானூர் பக்கம் மேட்னிக்குக் கூட்டிப் போனார். மலையாளப் படம். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர் என்பது மட்டும்தான் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த மலையாளம். திரையில் ஒரு பங்களா, கொட்டுகிற மழை, மாடிப்படியில் ஒரு பிணம். ஆளாளுக்குப் படபடவென்று பேசுகிறார்கள். "என்ன சொல்லுதான்? ஏங்க, அவன் என்ன சொல்லுதான்?" என்று இவள் முழங்கையால் இடிக்க இடிக்க, அவர் குனிந்து காதோடு கதை சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் ஆறு வருஷம் நிறுத்தவில்லை.

மனுஷன் என்னமாய்ச் சொல்வார்! வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர் அவர். எதைக் கேட்டாலும் "ம்", இல்லாவிட்டால் "சரி". அவ்வளவுதான். தியேட்டரில் விளக்கு அணைந்ததும் வேறு ஆளாகிவிடுவார். "இவன் இருக்கான் பாரு, இவன் அந்தப் பொம்பளைக்கு அண்ணன் மொறை. வரப்புத் தகராறு. அத மனசுல வச்சிருக்கான்" என்பார். கொலை எர்ணாகுளத்துப் பங்களாவில் விழுந்தாலும் சரி, மூணாறில் தேயிலைத் தோட்டத்தில் விழுந்தாலும் சரி, காரணம் வரப்புத் தகராறாகவோ, தங்கச்சிக்குப் போட்ட நகை குறைந்துபோனதாகவோ இருக்கும். மலையாளத்தாரும் நம்மை மாதிரித்தான் போல என்று அவளுக்கு ஒரு ஆறுதல். ஒரே ஒரு குறை, அவருடைய ரகசியம் நாலு வரிசைக்குக் கேட்கும். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், உங்க புருஷன்மாருக்கு இப்படிச் சொல்லத் தெரியுமா என்று அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

படம் விட்டதும் பழவங்காடி வழியாக நடை. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, எதிரே ஒரு சாயா, வாழைப்பழ பஜ்ஜி மாதிரி ஆளுக்கொரு பழம்பொரி. அங்கே வைத்து அபிப்பிராயம் சொல்வார். "படம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் போலீஸ்காரன் நடை சரியில்ல. கொலைகாரனுக்குக் கத்தியப் பிடிக்கத் தெரியல. கோழி அறுக்கவன் மாதிரியா பிடிப்பான்?" அவளும் தன் பங்குக்கு, "அந்த வாட்ச்மேன் மீசையப் பாத்ததுமே எனக்குச் சந்தேகம்" என்பாள். அவர் தலையை ஆட்டுவார். தமிழ்ப் படத்துக்குப் போகலாமா என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். "அது எதுக்கு, எப்பவும் உள்ளதுதானே?" என்பார். எப்போதாவது போனாலும் வாயைத் திறக்க மாட்டார். வெளியே வந்ததும், "ஒனக்கு எப்படித் தோணிச்சு?" என்று இவளைக் கேட்பார். பெண்டாட்டியிடம் அபிப்பிராயம் கேட்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவள் பூரித்துப் போவாள்.

தொண்ணூற்று ஏழில் வடிவம்மாள் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பிளவுஸ் துணிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தாள். கரை, நிறம், கை இறக்கம் என்று மலையாளம் அவள் வாயில் ஏறியது அங்கேதான். கூட வேலை பார்த்த அஜிதாவுக்கும் சினிமாப் பைத்தியம். திங்கள்கிழமை காலையில் துணியை மடித்துக்கொண்டே இருவருக்கும் அலசல் நடக்கும். அதில் ஒரு சங்கடம். வடிவம்மாள் சொல்கிற கொலைகாரனும் அஜிதா சொல்கிற கொலைகாரனும் ஒத்து வருவதே இல்லை. "சேச்சி கண்டது வேறே ஏதோ படமாணு" என்று அஜிதா சிரிப்பாள். இந்தப் பிள்ளைக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்று இவள் விட்டுவிடுவாள். கட்டின புருஷன் காதோடு சொன்னதை விட்டுவிட்டு அஜிதா சொல்வதையா நம்ப முடியும்?

தொண்ணூற்று ஒன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலலிங்கம் ஒரு புதுமனை விசேஷத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தார். வடிவம்மாள் அடுத்த வீட்டு எலிசாளோடு டிவி பார்க்க உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மலையாளப் படம். பங்களா, மழை, மாடிப்படியில் பிணம். "ஐயோ, இது நான் பாத்த படம்! மொத மொதல்ல பாத்தது! வாட்ச்மேன்தான் கொன்னான். வரப்புத் தகராறு" என்று துள்ளினாள்.

"மிண்டாம இரு வடிவு" என்றாள் எலிசாள்.

அவள் மிண்டாமல், வாயைத் திறக்காமல் இருந்தாள். காதோடு யாரும் கதை சொல்லாததால் திரையில் பேசுவது அவளுக்கு நேராகவே விழுந்தது. முக்கால்வாசி புரிந்தது. வரப்பு என்ற பேச்சே வரவில்லை. அண்ணன் மொறை என்று அவர் சொன்ன ஆள் அந்தப் பெண்ணின் வக்கீல். வாட்ச்மேன் பாவம், இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப் போனான். கடைசியில் கொன்றதும் வேறு ஆள். "எந்தா, பாத்த படம்னியே?" என்றாள் எலிசாள். வடிவம்மாள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சினிமாக் கதைக்கே இப்படி வாய் கூசாமல் புளுகினவர் மற்றதில் எதைப் புளுகியிருக்க மாட்டார்? சனிக்கிழமை மசாலா மில்லில் அதிக வேலை என்றாரே, அது நிஜமா? இன்றைக்குக் கடையநல்லூரில் விசேஷம் என்பதாவது நிஜமா? தியேட்டரில் திரும்பிப் பார்த்துச் சிரித்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆறு வருஷமாக இந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறேனே, இவர் யார் என்றே எனக்குத் தெரியாதோ என்று நினைத்தாள்.

ஆனால் அவள் வடிவம்மாள் அல்லவா! சண்டை போட்டால் சண்டை முடிந்துவிடும், காரணம் தெரியாமல் போய்விடும். மறுநாள் அவர் வந்தபோது சோற்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். கடையில் அஜிதாவைப் பிடித்து, தான் பார்த்த மலையாளப் படங்களில் ஞாபகம் இருந்ததற்கு எல்லாம் கொலைகாரன் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதினோரு படம் ஒப்பிட்டுப் பார்த்தாள். பதினொன்றும் தப்பு. குருட்டாம்போக்கில் ஒன்றாவது சரியாக வந்திருக்கக் கூடாதா?

அவருக்கு மலையாளம் தெரியாதோ என்று முதலில் நினைத்தாள். அது எப்படி? பதினாறு வயதில் வந்து மசாலா அரைக்கிற மில்லில் சேர்ந்தவர், மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். பின்னே, என்னைக் கேலி செய்கிறாரோ? கேலி செய்கிறவன் ஒரு நாளாவது தனியாகச் சிரித்திருக்க மாட்டானா? அப்போதுதான் தமிழ்ப் படம் ஞாபகம் வந்தது. அதற்கும் அவர் ஒரு நாளும் கதை சொன்னதில்லை. எப்படித் தோணிச்சு என்று இவளைத்தான் கேட்டிருக்கிறார். மலையாளத்திலும் கதை தெரியாது, தமிழிலும் கதை தெரியாது என்றால் கோளாறு மொழியில் இல்லை. அந்த இடத்தில் அவளுக்கு யோசனை முட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு நாள் கழித்து, கடைக்கு மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, வேலை பார்க்கிற இடத்தில் மனுஷன் எப்படி இருக்கிறார் என்று பார்க்க மில்லுக்குப் போனாள். மிளகாய் நெடிக்குப் பயந்து அவள் அந்தப் பக்கம் போகிறதே இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். மூன்று அரவை எந்திரம் ஒரே நேரத்தில் ஓடியது. சுவரே அதிர்ந்தது. உள்ளே யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லாம் கை ஜாடைதான். ஒருவன் இரண்டு விரலைக் காட்டினான், குற்றாலலிங்கம் இரண்டு கிலோ மல்லியைக் கொட்டினார். ஒருவன் கன்னத்தில் கை வைத்து என்னவோ சொன்னான், இவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அங்கே நின்ற கொஞ்ச நேரத்திலேயே அவள் காதுக்குள் கொய்ங் என்றது. இவர் பதினெட்டு வருஷமாக இதற்குள் நிற்கிறார். அவள் அவரைக் கூப்பிடாமலே திரும்பி நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குற்றாலலிங்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். வடிவம்மாள் ஐந்தடி பின்னால் நின்றாள். சாதாரணக் குரலில், "பூனை பாலக் குடிக்கு" என்றாள். அவர் திரும்பவில்லை. "எலிசாக்கா வீட்டுல தீப்பிடிச்சிருக்கு" என்றாள். அவர் ஸ்டவ் பின்னை எடுத்து நாசிலைக் குத்தினார். "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்" என்றாள்.

ஏதோ நிழலாட, அவர் திரும்பினார். அவள் உதடு அசைந்து அடங்குவதைப் பார்த்தார். வழக்கமான முகத்தோடு, "ம், சரி" என்றார்.

இந்தச் சரியைத்தான் அவள் ஆறு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்க வீட்டுக்காரர் எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டார் என்று எலிசாளிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பாள்! அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. பாவமாக இருந்தது, தன் மேலேயே வெட்கமாகவும் இருந்தது. பக்கத்திலேயே படுத்து எழுந்தவளுக்கு இது தெரியவில்லையே!

"எதுக்குட்டி அழுத? என்ன சொன்ன இப்ப?" என்று அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

அவள் அவர் இடது காதைப் பிடித்து இழுத்து, "ஒங்களுக்குக் காது கேக்காதா?" என்று கத்தினாள்.

குற்றாலலிங்கத்தின் கை ஸ்டவ் எண்ணெயோடு அப்படியே நின்றது. "யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். இனி புளுகு ஓடாது என்று தெரிந்துவிட்டது. "வலது காது கல்யாணத்துக்கு முன்னாலயே போச்சு. எடதுல சத்தம் விழும், பேச்சு விளங்காது. மூஞ்சியப் பாத்தாத்தான் பாதி தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொதல்ல சொன்னா ஒங்கப்பா பொண்ணு தந்திருப்பாரா? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல." எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். "மில்லுல சொல்லிராத. பெல்ட்டு ஓடுத எடத்துல காது கேக்காதவன வச்சிருக்க மாட்டாங்க."

"பின்ன, சினிமாவுக்கு ஏன் கூட்டிட்டுப் போனீங்க? வாய்க்கு வந்தத ஏன் சொன்னீங்க?" அவள் ஒவ்வொரு வார்த்தையாக, முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

அவர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "வந்த புதுசுல நீ இங்க யாரு பேசுறதும் புரியாம முழிச்சிட்டு இருந்த. ஒன்ன அங்க கூட்டிட்டுப் போயி எனக்கும் ஒண்ணும் புரியலன்னு எப்படிச் சொல்ல? நீ வேற ஆசையாக் காதக் குடுத்துட்டு இருந்த. ஆளுகளப் பாத்துப் பாத்து, இவன் இதத்தான் சொல்லிருப்பான், இவன் இதுக்குத்தான் கொன்னிருப்பான்னு நானே யோசிச்சுச் சொன்னேன். ஒனக்குச் சொன்னாத்தான் எனக்கும் அதுல ஒரு கத உண்டு. இல்லன்னா சும்மா ஆளுக வாய அசைக்கதப் பாத்துட்டு வரணும்."

வடிவம்மாள் கண்ணைத் துடைத்தாள். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையால் காட்டியும் வாயால் கத்தியும் சொன்னாள். அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஸ்டவ்வைத் திருப்பி வைத்தார், வாஷரை எடுத்தார், கீழே வைத்தார். அப்புறம் கூச்சத்தோடு கேட்டார்.

"அந்த மழையும் பங்களாவும் வந்த படத்த நீ டிவில பாத்தியாமே? எலிசாள் சொன்னா. அதுல கொன்னது யாருட்டி?"

இது அவள் நினைத்தே பார்க்காதது. அத்தனை படத்தையும் முழுசாக இருந்து பார்த்தவருக்கு ஒன்றில்கூடக் கொன்றது யார் என்று தெரியாது. தெரியாமலேதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து வந்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணோட பெரியப்பன்" என்றாள். அழுத தொண்டையில் குரல் உள்ளேயே போய்விட்டது.

குற்றாலலிங்கம் அவள் உதட்டைப் பார்த்தார். தலையை ஆட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"கேக்கல வடிவு" என்றார். "சத்தமாச் சொல்லு."