கட்டிலுக்கு அடியில் ஒரு துப்பாக்கி

என் மருமகன் வீட்டில் கள்ளத்துப்பாக்கி பதுக்கி வைத்திருக்கிறார் என்று அரை நாள் முழுக்க நம்பினேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு என் பிரஷர் எகிறிய எகிறலுக்கு நான் இப்போது உட்கார்ந்து எழுதுவதே பெரிது!

போன வாரம் நடந்தது. மகளும் மருமகனும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சூட்கேஸ் தேடி மேலே போனேன். கட்டிலுக்கு அடியில் பெட்ஷீட் சுற்றிய நீளமான பொட்டலம். ஓரத்தில் எட்டிப் பார்த்தது... கறுப்பாக ஒரு குழல்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஆட்டோ, ஒலிபெருக்கி: "உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாங்களாகவே ஒப்படைத்தால்..."

கல்வராயன் மலையை ஒட்டிய ஊர்களில் இந்த அறிவிப்பு அவ்வப்போது வரும். மலையில் யாரும் நேராக ஸ்டேஷனுக்குப் போக மாட்டார்கள். ஊர்ப் பெரியவரிடம் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவார்கள். அவர் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

என் மருமகன் மலைக்காரர். போதாதா? முடிவு கட்டிவிட்டேன்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேனா? ம்ஹூம் – கைரேகை பட்டுவிடுமே! மகளிடம் கேட்டேனா? பாவம், அவள் தாங்க மாட்டாள். மருமகனின் அப்பாதான் அவர்கள் ஊரின் பெரியவர். சம்பந்தி கையில் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை, மகளின் வாழ்க்கை தப்பிக்கும். பொட்டலத்தைச் சிமெண்ட் சாக்கில் செருகி ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வடக்கனந்தல் தாண்டி, மலையடிவார செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள்.

"இன்னா சார், சாக்குல?"

"முருங்கக்கா."

"மலைக்கா எடுத்துக்கினு போறீங்க?"

"சம்பந்தி வூட்டுக்கு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சம்பந்தி வாசலில் மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். சாக்கை அவர் முன்னால் வைத்துக் குரலைத் தாழ்த்தினேன்.

"கோச்சிக்காதீங்க சம்பந்தி. மாப்ள ஏதோ தெரியாம வெச்சிட்டாரு. மத்ததோட சேத்து இதயும் குடுத்துடுங்க."

அவர் முகம் வெளிறிப் போனது. சாக்கை உருவினார். பெட்ஷீட்டைப் பிரித்தார். ஒற்றைக் கையால் தூக்கி, விரலால் சுண்டினார்.

"இன்னாங்க இது... பிளாஸ்டிக்கு!"

அப்போது பார்த்து மகளின் போன். என் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் காது கேட்கும். போட்டேன்.

"ப்பா, மத்தியானம் வூட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கு அடியில என் வெளாட்டுக் கன்னு இருந்துச்சே, நீ எடுத்தியா? அம்மா பாத்தா திட்டும்னு சுத்தி வெச்சிருந்தேன்."

"உன்னுதா?"

"ஆமா. காலேஜ்ல கம்ப்யூட்டர்ல ஆடுவேனே, வார் கேமு... அது இப்ப டிவில மாட்டுற கன்சோலுக்கும் வந்துடிச்சிப்பா. கையில புடிச்சி ஆடுற கன்ட்ரோலர அந்தக் கன்னுல சொருகிக்கினு சுடணும்."

"மாப்ள ஆடுவாரா?"

"அவரா? ரெண்டு நிமிஷத்துல தல சுத்துதுன்னு எழுந்து போய்டுவாரு."

தூசு தட்ட எடுத்தேன் என்று புளுகிவிட்டு போனை வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். சம்பந்தி சிரிக்கவில்லை.

"அது சரிங்க. கட்டிலு ரெண்டு பேருக்கும்தான. எம் புள்ளதுன்னு எப்டி முடிவு பண்ணீங்க?"

மலையிலிருந்து மாப்பிள்ளை எடுத்த பரந்த மனசுக்காரன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். ஒரு குழலைப் பார்த்ததும் அந்த மனசு எங்கே போனது? அவர் பெட்ஷீட்டை மடித்து, பொட்டலத்தை முன்பிருந்த மாதிரியே சுற்றி என் கையில் கொடுத்தார். டீ வந்தது. குடித்தோம். மரவள்ளி விலையைப் பற்றிப் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை டிவி முன்னால் உட்காரவைத்து, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து அந்த விளையாட்டைக் காட்டினாள். திரையில் இரண்டு கைகள், ஒரு துப்பாக்கி. எதிரே எவன் தலை தெரிந்தாலும் சுட வேண்டியதுதான்.

"என் மூஞ்சி எங்கம்மா?"

"அது உனக்குத் தெரியாதுப்பா. மத்தவங்களுக்குத்தான் தெரியும்."

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். மருமகன் சமையலறையிலிருந்து, "இன்னாங்க மாமா, உங்களுக்கும் தல சுத்துதா?" என்றார். ஆமாம் என்றேன்.

சம்பந்தி இன்றுவரை மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதுதான் என் மருமகனுக்கு விஷயம் தெரியும்.