புதுப் பாட்டு எப்ப வரும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மகத்தன்று, புதுச்சேரியில் பாகூர் பக்கம் மணப்பட்டுக் கடற்கரையில் நடந்தது இது. தீர்த்தவாரி முடிந்து சாமிகளெல்லாம் திரும்பிய பிறகு, பிற்பகல் வெயில் தணிகிற நேரத்தில், தென்னந்தோப்பு ஓரமாக ஒரு பாட்டுக் கச்சேரி. அதற்கு மைக் செட் எங்களுடையது.

எங்களுடையது என்றால் என் அண்ணனுடையது. வில்லியனூரில் அவனுக்குச் சின்னதாக ஒரு மைக் செட் கடை. நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு அங்கேயே ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி மகத்தன்று பல ஊர்களில் ஒரே நேரத்தில் வேலை இருக்கும். அண்ணன் தென்னை மரங்களில் ஹாரன் ஸ்பீக்கர்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடிவிட்டான். ஆம்ப்ளிஃபயருக்கு நான்.

"பொட்டப்புள்ளயா மைக் செட்டு? கரண்ட்டு அடிச்சா யாரு ஜவாப்பு?" என்று விழாக்குழுக்காரர் ஒருவர் கேட்டார்.

"அடிக்காம பாத்துக்கத்தான் படிச்சிட்டு வந்திருக்கேன்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

பாட வந்தவர்கள் பாண்டி டவுனைச் சேர்ந்த ஒரு கிடார் குழு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பெரிய பேர். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய தன் அப்பா கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு ஒருவர் ஆரம்பித்த குழு அது. அவர்தான் பாடகர். கூட டிரம்ஸ், இன்னொரு கிடார், ஆர்கன். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டார்கள். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டு.

அதில் 'கேட்டுப் பாட்டு' என்று நாங்கள் சொல்லும் ஒன்று உண்டு. வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், நடுவில் கூட்ஸ் வண்டி முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கிடாரிலேயே ரயில் ஊதுகிற சத்தம் எழுப்புவார்கள். சென்னைக்குப் போய் அதைச் சின்ன இசைத்தட்டாகவும் போட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அதைப் போடாமல் ஹாரனைக் கழற்ற முடியாது. நாங்கள் வைத்திருந்த தட்டு தேய்ந்து, ரயில் ஊதும் இடத்தில் முள் துள்ளும்.

அதற்கப்புறம் புதிதாக எதுவுமே வரவில்லை.

வரும், வரும் என்றுதான் சொன்னார்கள். ஏன் வரவில்லை என்பதற்கு வருடத்துக்கு ஒரு காரணம் எங்கள் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம் என்பதால் இன்றும் மறக்கவில்லை. முதலில், கிடார் கம்பி பாண்டியில் கிடைக்கவில்லை, பிரான்சிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். அடுத்து, ஆர்கன்காரருக்கு மஞ்சள் காமாலை. அதற்கடுத்து, சென்னை ஸ்டூடியோவில் தேதி கிடைக்கவில்லை. பிறகு டிரம்ஸ்காரர் மகளுக்குக் கல்யாணம். பிறகு மறுபடியும் கம்பி.

வில்லியனூரில் அவர்களுக்கு ஒரு ரசிகர் மன்றமே இருந்தது. தலைவர், எங்கள் கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த பாய். நடிகர்களுக்கு மன்றம் வைத்தவர்களெல்லாம் அவரைக் கேலி செய்வார்கள். அவர் கவலைப்பட மாட்டார். "உங்க ஆளு வேற எவனோ பாடறதுக்கு வாயசைக்கறாரு. எங்காளு தானே பாடறாரு" என்பார். ஆனால் வருடங்கள் போகப் போக அவருக்கே குரல் இறங்கிவிட்டது. கடை திறக்கும்போது எங்கள் பக்கம் பார்த்து, "என்னம்மா, சேதி எதனா உண்டா?" என்பார். இல்லை என்று நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல் எனக்குக் கழுத்துவலி மாதிரி ஆகிவிட்டது.

பாயைவிடத் தீவிரமான ரசிகை ஒருத்தி உண்டு. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா. கூடையை எங்கள் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள்.

"இன்னாம்மா, புதுசு வந்துச்சா?"

"வரலக்கா."

"வராது. நான் பாடைல போவ சொல்ல வரும். இவனுங்க ஒரு பாட்ட வச்சிக்கினு ஊர ஏமாத்தறானுங்க. தெனம் அதே மீன வித்தா என்னைய சும்மா வுடுவீங்களா?"

இப்படித் திட்டிவிட்டு, "செரி, கேட்டுப் பாட்டு போடு, கேட்டுட்டுப் போறேன்" என்பாள். நான் போடுவேன். முள் துள்ளும். அவள் வாயாலேயே ரயில் மாதிரி ஊதி அந்த இடத்தை நிரப்பிவிட்டுக் கூடையைத் தூக்குவாள்.

அன்றைக்கு மணப்பட்டுக்கு மன்றத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மீன்கார அக்கா தலைநிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். மேடைக்கு நேர் கீழே, மணலில் முதல் வரிசை அவர்களுடையது.

கச்சேரிக்கு முன்னால் நான் மேடையில் மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாடகர் என் பக்கமாக வந்தார். இசைத்தட்டு உறையில் கருகருவென்று சுருள் முடியோடு பார்த்த முகம். நேரில் காதோரம் நரைத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது.

"தங்கச்சி, டேப்பு இருக்குதா? ஆம்ப்ளிஃபயர்லேருந்து அப்படியே புடிக்க முடியுமா?"

"புடிக்கலாம்ணே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குப் புதுசா ஒண்ணு பாடறோம். இன்னும் ரெண்டு ரெடியா இருக்குது. இத்த ஜனம் காது குடுத்துக் கேட்டுச்சுன்னா நேரா மெட்ராசுக்குப் போயி கேசட்டு போட்டுடறதுன்னு பேசி வச்சிருக்கோம். கேக்கலன்னா டிரம்ஸ்காரன் பிரான்சுக்குக் கௌம்பிடுவான். குடும்பமெல்லாம் அங்க போயிடுச்சு. எனக்காகத்தான் இங்க இருக்கான்."

"அண்ணே, இத மொதல்லயே மைக்ல சொல்லிடுங்க. மன்றத்துக்காரங்கல்லாம் முன்னாடியே குந்தியிருக்காங்க. எவ்ளோ வருசமா கேட்டுக்கினு இருக்காங்க தெரியுமா?"

"வேணாம். சொன்னா எங்க மூஞ்சிக்காகக் கை தட்டிடுவாங்க. பாட்டு நல்லாருக்குதான்னு எனக்குத் தெரியணும். நீயும் யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?"

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் அப்போதும் பட்டது.

கச்சேரி தொடங்கியது. பழைய பாட்டுகளாக இரண்டு மூன்று போயின. எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் துண்டுச்சீட்டு அனுப்புவது வழக்கம். சிகரெட் அட்டையைக் கிழித்து, வேண்டிய பாட்டை எழுதி மேடைக்குக் கை மாற்றி அனுப்புவார்கள். கொஞ்ச நேரத்தில் டிரம்ஸ் பக்கத்தில் சீட்டு குவிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். எல்லாமே கேட்டுப் பாட்டுதான்.

பாடகர் அவற்றைப் பார்க்கவில்லை. கிடாருக்குச் சுருதி சேர்த்தார். எதுவும் சொல்லாமல் ஆரம்பித்தார்.

மெதுவான பாட்டு. ஊதல் இல்லை, ஓட்டம் இல்லை. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினார். வெளிநாட்டுப் பட்டாளத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஒருவன் ஊருக்குத் திரும்புகிறான். வண்டியிலிருந்து இறங்கி, தெரு முழுக்க நடந்து, தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்கிறது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெட்டியோடு நிற்கிறான்.

டேப் சுழல்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்தின் பின்பக்கம் பேச்சு தொடங்கியது. யாரோ விசில் அடித்தார்கள். அது பரவாயில்லை, பின்பக்கம் எப்போதும் அப்படித்தான். பிறகு முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாபா இது, எழவு வூட்டுப் பாட்டு மாதிரி? கேட்டுப் பாட்டு பாடுபா!"

மீன்கார அக்கா. அவளைச் சுற்றிச் சிரிப்பு. அதில் உற்சாகமாகி அவள் எழுந்து நின்று ரயில் மாதிரி ஊதினாள். பாயும் இரண்டு கையையும் வாயில் குவித்து, "அண்ணே, கேட்டு! கேட்டு!" என்றார். மன்றமே சேர்ந்துகொண்டது. பிறகு தோப்பு முழுக்க, "கேட்டு! கேட்டு!"

கோபத்தில் யாரும் கத்தவில்லை. அன்பாக, சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். அதனால்தான் அதை நிறுத்த வழியே இல்லாமல் போயிற்று. நான் வால்யூமை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஹாரன் ஊளையிடும் என்கிற இடம் வரை ஏற்றினேன். அதற்கு மேல் ஆம்ப்ளிஃபயரால் முடியாது. மேடையைப் பார்த்தேன். பாடகர் என்னைப் பார்த்து, இறக்கு என்பது போலக் கையைக் காட்டினார்.

பாதி வரியில் நிறுத்தினார். டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பினார். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் குச்சியை எடுத்தார். கிடாரில் ரயில் ஊதியது. தோப்பு குலுங்கிற்று.

கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது பாடகர் வந்தார். "சத்தம் நல்லா இருந்துச்சி தங்கச்சி. மெர்சி" என்றார். டவுனில் அந்தத் தலைமுறை நன்றியை இன்னும் அப்படித்தான் சொல்லும்.

"டேப்பு வேணுமாண்ணே?"

"நீயே வச்சிக்க" என்றார்.

திரும்பும்போது மாட்டு வண்டியில் மைக் சாமான்களுக்கு நடுவே பாயும் அக்காவும் ஏறிக்கொண்டார்கள். பாய் பெருமூச்சு விட்டார். "இந்த வருசமும் புதுசு ஒண்ணும் பாடலயே."

"நான்தான் சொன்னனே, ஏமாத்தறானுங்கன்னு" என்றாள் அக்கா.

பாதியில் நிறுத்த வைத்ததை ஏதோ பழைய பாட்டு என்று நினைத்துவிட்டார்கள் போல; அதுதான் புதுசு என்பது என் வாய் வரை வந்தது. பாடகருக்குக் கொடுத்த வார்த்தையை நினைத்து அடக்கிக்கொண்டேன். அதைவிட, எனக்கு அலுப்பாக இருந்தது. சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை.

டிரம்ஸ்காரர் பிரான்சுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் டவுன் பையன் ஒருவன் வந்தான். குழு தொடர்ந்து கல்யாணங்களுக்கு வாசித்தது, பழைய பாட்டுகளை. வில்லியனூரில் விசாரிப்பும் நிற்கவில்லை. பாய் கடை திறக்கும்போது கேட்பார், நான் தலையாட்டுவேன். அக்கா கூடையை இறக்கி வைத்துத் திட்டுவாள்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் அக்கா வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினாள். மகன் கடலில் வலையைத் தொலைத்துவிட்டு வந்த கோபம், பாவம், அந்தப் பாட்டுக் குழு மேல் இறங்கியது. "ஒரு பாட்டு! ஒரே ஒரு புதுப் பாட்டு கட்றதுக்குத் துப்பில்ல இவனுங்களுக்கு!"

டிரம்ஸ்காரர்தான் போய்விட்டாரே, இனி யாரைக் காப்பாற்ற இந்த ரகசியம் என்று தோன்றியது. அலமாரியிலிருந்து டேப்பை எடுத்துப் போட்டேன்.

"இன்னாது?"

"புதுசுதாங்க்கா. கேளுங்க."

அவள் முகம் மலர்ந்தது. தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்தபடியே கேட்டாள். அவன் வண்டியிலிருந்து இறங்கினான். தெருவில் நடந்தான். கதவு பாதி திறந்திருந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவள் வீட்டுக்காரர் ஒருமுறை படகு திசைமாறி, பல நாள் கழித்துத் திரும்பி வந்து இப்படித்தான் வாசலில் நின்றாராம்.

அப்போது டேப்பில் அந்தக் குரல் வந்தது. மேடை மைக்கில், மேடைக்கு மிக அருகில் இருப்பவர்களின் குரல்தான் தெளிவாகப் பதியும். மிக அருகில் இருந்தவர்கள் எங்கள் மன்றத்தார்.

"யாரு அந்த மூதேவி, பாட்டுக்கு நடுவுல கத்தறது?" என்றாள் அக்கா.

டேப்பில் அவள் ரயில் மாதிரி ஊதினாள். பாய், "கேட்டு! கேட்டு!" என்றார். செம்பு மெல்லக் கீழே இறங்கியது.

"நானாடி?"

நான் டேப்பை நிறுத்தினேன். மாசி மகத்தன்று பாடகர் சொன்னதையெல்லாம் அப்போதுதான் சொன்னேன். அவள் எதிரே பாய் கடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பறம் அந்த ஆளு உள்ள போனானா?"

"தெரியாதுக்கா. அதுக்குள்ள நின்னுடுச்சு."

அடுத்த கல்யாணத்தில் பாடகரைப் பார்த்தபோது நானே கேட்டேன், மிச்சப் பாட்டு என்ன என்று. நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "ஞாபகம் இல்ல தங்கச்சி. அன்னிக்கு அப்பறம் எடுக்கவே இல்ல" என்றார். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அக்கா அதன்பிறகு புதுசு வந்ததா என்று கேட்டதில்லை. கூடையை இறக்கி வைப்பாள், தண்ணீர் குடிப்பாள். சில நாள் மட்டும், "அத்தப் போடும்மா, நான் கத்தற வரைக்கும்" என்பாள். நான் போடுவேன். அவன் வாசலுக்கு வந்து நிற்பான். அவள் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். டேப்பும் என்னோடு வந்தது. இப்போதெல்லாம் யாராவது புதிதாக ஒன்றைப் பாடவோ, சொல்லவோ, செய்யவோ தொடங்கினால், எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. பெட்டியோடு வாசலில் நிற்கிற அந்த ஆளை நினைத்துக்கொள்கிறேன்.