வேணி விழுந்த இடம்

விக்கிரமசிங்கபுரம் ஆலையில் நூற்புப் பகுதிக்குள், எந்திர இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகிப்போன வேணிக்கு அதனாலேயே அந்த வேலை பிடித்திருந்தது. கல்யாண வீடுகளில்தான் சிரமம். பேச்சு அவளைத் தாண்டித் தாண்டிப் போகும். அவள் சும்மா சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம், கூட வேலை பார்க்கும் சபீதா ஒரு செய்தியோடு வந்தாள். பாளையங்கோட்டையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கும் எஸ்றா என்பவர், லீவுக்கு ரிஷிகேசம் போய்க் கங்கையில் படகு விடப் பழகிவிட்டு வந்திருக்கிறாராம். வரும்போது பழைய ரப்பர் படகு ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் பாபநாசம் வந்து, பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்துப் பாயும் இடங்களில் ஆட்களை ஏற்றிப் போகிறார். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்.

"ஏட்டி, போவமா?" என்றாள் சபீதா.

"எனக்குத் தண்ணின்னா பயம்லா."

"எனக்குந்தான். அதான் ஒன்னயும் கூப்பிடுதேன்."

கரையில் எஸ்றா எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, வார்களை இழுத்துக் கட்டினார். "தவறி விழுந்தா எந்திச்சு நிக்கப் பாக்காதிய. மல்லாந்து படுத்துக்கிடணும். காலு ரெண்டும் ஆறு போற பக்கமா இருக்கட்டும். பைய வந்து தூக்கிக்கிடுவேன்."

வேணி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க பின்னால இருந்து சொன்னா எனக்குக் கேக்காது."

எஸ்றா படகின் முன்பக்கத்தைக் காட்டினார். "முன்னால உக்காருங்கம்மா. நான் சொல்லச் சொல்ல சபீதா ஒங்க தோள்ல தட்டட்டும்."

படகு மருத மர நிழல்களுக்குள் நழுவியது. பொதிகையின் தலையில் மேகம் படுத்துக் கிடந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலடியில் ரப்பர் மெல்ல அதிரத் தொடங்கியது. அந்த அதிர்வு முழங்காலுக்கு ஏறி, வயிற்றுக்கு வந்து, நெஞ்சுக்குள் நிறைந்தது. மற்றவர்கள் காதால் கேட்ட இரைச்சலை அவள் உடம்பால் கேட்டாள். சபீதா தோளில் தட்டத் தட்ட, துடுப்பை அழுத்தி இழுத்தாள். நுரை முகத்தில் அறைந்தது. படகு ஒரு பாறையில் இடித்துச் சாய்ந்தது. அடுத்த கணம் வேணி படகில் இல்லை.

தண்ணீருக்குள் ஒரே பச்சை. மூக்கில் தண்ணீர் ஏறி எரிந்தது. சட்டை அவளை மேலே தள்ளியது. இருமினாள், கால்கள் தரையைத் தேடித் துழாவின. எஸ்றாவின் உதடுகள் நினைவுக்கு வர, உடம்பைத் தளர்த்தி மல்லாந்தாள்.

ஆறு அவளை எடுத்துக்கொண்டது. பாறைகள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டன. கொஞ்ச தூரத்தில் நுரை அடங்கியது. தண்ணீர் அகலமாகி, சோம்பலாகி, கண்ணாடிபோல விரிந்தது. ஒரு கொக்கு அவளுக்கு மேலே அவளோடு சேர்ந்தே போவதுபோலிருந்தது. மேகம்தான் நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்று தெரியவில்லை. தனக்குக் கனம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

சட்டையைப் பிடித்து யாரோ படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். சபீதா அழுதுகொண்டிருந்தாள். எஸ்றாவின் முகம் வெளுத்திருந்தது.

"ஏன் சார், அதுக்குள்ள தூக்கிட்டிய?" என்றாள் வேணி.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் எஸ்றா சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மழைக்காலம் முடிந்து ஆறு தெளியும்போதெல்லாம் வேணி வந்தாள். அம்மா திட்டிப் பார்த்து ஓய்ந்துபோனாள். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவதெல்லாம் விழுவதற்குத்தான் என்று எஸ்றா கண்டுகொண்டிருந்தார். ஒருநாள் வேணியிடம் கேட்டார்: "மொதல்ல நீங்க விழுந்து காட்டுதியளாம்மா?"

அன்றிலிருந்து அதுவே அவள் வேலையாயிற்று. நுரை அடங்கும் இடத்துக்குப் படகு வந்ததும், விளிம்பில் உட்கார்ந்து, பாயில் சாய்வதுபோலப் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். அதைப் பார்த்தவர்கள் துடுப்பை இறுகப் பிடிப்பதை விட்டார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஸ்டெபி என்ற நர்ஸ் வந்தாள். படகுக் கயிற்றைப் பிடித்த கை விரல்கள் வெளுத்துப்போகுமளவுக்குப் பயம். வேணி தண்ணீரிலிருந்து கையை நீட்டினாள். ஸ்டெபி கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துச் சரிந்தாள். இருவரும் கைகோத்தபடி, மர நிழலும் வெயிலுமாக மாறி மாறி வந்த தண்ணீரில் மிதந்து போனார்கள். வெகுநேரம் கழித்து ஸ்டெபி கண்ணைத் திறந்து, வேணிக்கு உதடு தெரியும்படி முகத்தைத் திருப்பி, என்னவோ கேட்டாள்.

"ஆமா," என்றாள் வேணி. "இப்படியே போய்க்கிட்டே இருக்கலாம்."